விண்டோஸ் 10 முடிந்தபின்: பழசைத் தேற்றுவதா, புதுசா, சிம் லிமா, ஆபீஸ் கழித்ததா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோயின. அதற்கப்புறம் சொந்தபந்தம், பக்கத்து வீடு என்று யார் கணினி விஷயமாகப் பேசினாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்த லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுடலாமா?"

அவசரமே வேண்டாம். வழி நாலு இருக்கிறது. இருப்பதைத் தேற்றலாம், கடைத்தொகுதியிலோ கண்காட்சியிலோ புது லேப்டாப் வாங்கலாம், சிங்கப்பூரின் கணினிக் கடைக் கட்டடமான சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாகச் சேர்த்து டெஸ்க்டாப் கட்டலாம், ஆபீஸ்கள் கழித்துவிடும் மெஷினை வாங்கலாம். பொதுவாக இவற்றை விலையையும் வேகத்தையும் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ஒருநாள் இது ஓடாமல் நின்றால் யாரிடம் போய் நிற்பது, எத்தனை நாள் வேலை கெடும்? சிங்கப்பூரில் பாகம் கிடைப்பது எளிது, ஆள்கூலிதான் கடிக்கும். அதனால் நீங்களே ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பவரா இல்லையா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

பழசைத் தேற்றுவது

உங்கள் மெஷின் நிஜமாகவே விண்டோஸ் 11க்கு ஆகாததுதானா என்று முதலில் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை, ஏறக்குறைய அங்கேதான் கோடு. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். டெஸ்க்டாப் பலவற்றில் டிபிஎம் இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸில், அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கிவிட்டாலே 'ஆகாது' என்ற மெஷின் 'ஆகும்' என்று சொல்லிவிடுவது உண்டு. ஒரு காசு செலவில்லை.

அடுத்தது வேகம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதா? பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் மெஷினின் நடையே மாறிவிடும். ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். இந்த இரண்டுக்கும் மேல் பழசில் பணம் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஸ்க்ரீன் போயிற்று, கீல் உடைந்தது, மதர்போர்டில் கோளாறு என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிப்புப் புகை. வெறும் தூசி என்றால் ஊதினாலே போய்விடும். இது பிசுபிசுவென்று ஃபேன் இறக்கையிலும் செம்புத் தகட்டு இடுக்கிலும் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல் மெஷினின் மூளையான சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; வீட்டில் எல்லாரும் "வைரஸ் வந்துடுச்சு" என்பார்கள். அடிமூடியைக் கழற்றி, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷால் துடைத்து, சிபியு மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டச்பேட் மட்டும் மேலெழும்பி நிற்கிறதா? அது பேட்டரி உப்பியதற்கு அடையாளம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், பேட்டரியை மாற்றும்வரை மெஷினைத் தொடவே வேண்டாம்.

கோட்டுக்குக் கீழே இருக்கும் மெஷினுக்கு இரண்டு வழி. ஒன்று, மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்புத் திட்டம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 30 அமெரிக்க டாலர் கட்டலாம், அல்லது கணினியின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொண்டு காசில்லாமலே பெறலாம். இன்னொன்று, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட். பெரியவர்கள் செய்தி படிக்க, யூடியூப் பார்க்க, பேங்க் கணக்கைப் பார்க்க அது தாராளம். அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் லாகினுக்குக் கைபேசியில் கியூஆர் ஸ்கேன் செய்தால் முடிந்தது, கணினியில் எந்த சிஸ்டம் ஓடுகிறது என்று அது கேட்பதில்லை. தடையைத் தாண்டி விண்டோஸ் 11ஐத் திணிக்கும் குறுக்குவழியும் உண்டு. அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அம்மா அப்பா மெஷினில் அந்த வேலை வேண்டாம்.

புது லேப்டாப்

பணம் இருக்கிறது, திறந்து பார்க்கும் ஆசை இல்லை என்பவர்களுக்கு இதுதான். பிசி ஷோ, காமெக்ஸ், சைடெக்ஸ் மாதிரிக் கண்காட்சிகளில் பையும் மவுஸும் வவுச்சரும் சேர்த்துக் கொடுப்பார்கள். இலவசங்களைக் கழித்துவிட்டு மாடல் எண்ணை முழுதாகப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே நிறம், கடைசி நாலு எழுத்து மட்டும் வேறு. அந்த நாலு எழுத்தில்தான் ராம் 8ஆ 16ஆ, ஸ்க்ரீன் மங்கலா பிரகாசமா என்பதெல்லாம் ஒளிந்திருக்கும்.

மெலிசான லேப்டாப்களில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும், பிறகு கூட்ட முடியாது. அதனால் இன்று 8 ஜிபி வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவது. ஆப்பிள்கூட 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை 16 ஜிபி ஆக்கிவிட்டது. மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, ஆகவே சாம்பிராணிப் பிரச்சினையும் கிடையாது. ஆனால் வாரண்டி முடிந்தபின் அதில் ஏதாவது போனால் பில்லைப் பார்த்து நெஞ்சு அடைக்கும்.

வாரண்டி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. வீட்டு உபயோக மாடல்களில் பெரும்பாலும் ஒரு வருடம், நாமே சுமந்துகொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். பிசினஸ் மாடல்களில் மூன்று வருடம், ஆளே வீட்டுக்கு வரும் வகை கிடைக்கும். விலை வித்தியாசத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள். வேறு நாட்டுச் சந்தைக்கான 'எக்ஸ்போர்ட் செட்' என்று மலிவாகக் கொடுத்தால் இங்கே வாரண்டி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போகப்போகிறது என்று இப்போதே லேப்டாப் வாங்கி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் எல்லாருக்கும் பள்ளி மூலமாகவே கற்றல் சாதனம் வருகிறது, அரசு பிள்ளைகளின் கணக்கில் போடும் எடுசேவ் பணத்தையும் அதற்குப் பயன்படுத்தலாம். பள்ளி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிம் லிம்மில் கட்டுவது

ரோச்சோரில் 1987இலிருந்து நிற்கும் கட்டடம். 2014இல் அங்கே சில கைபேசிக் கடைகள் வாடிக்கையாளரை ஏமாற்றிய செய்தி ஊர் உலகமெல்லாம் பரவியதில் கட்டடத்தின் பெயரே கெட்டது. மேல்மாடிகளில் கணினிப் பாகம் விற்பவர்கள் வேறு ரகம். விலைப்பட்டியலை அச்சடித்து வெளியே வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு நாலு கடை நடந்து ஒப்பிடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள்.

உள்ளே போனால் "கேமிங்கா, வேலைக்கா? எவ்வளவு பட்ஜெட்?" என்று கேட்டு ஐந்து நிமிடத்தில் ஒரு தாள் நீட்டுவார்கள். சிபியு, மதர்போர்டு வரிகளில் மாடல் பெயர் முழுசாக இருக்கும். கீழே வர வர '650 வாட் பவர் சப்ளை', '1 டிபி எஸ்எஸ்டி' என்று மொட்டையாக எழுதியிருக்கும். மாடல் பெயர் இல்லாத வரியில்தான் மட்டமான சரக்கு நுழையும். முக்கியமாகப் பவர் சப்ளை. அது கெட்டால் தான் மட்டும் போகாது, கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த வரிகளுக்கு மாடல் எழுதித் தரச் சொல்லுங்கள். விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும், சிபியு பெட்டியோடு வருகிறதா வெறும் 'ட்ரே' சில்லா என்றும் கேளுங்கள். ட்ரே சில்லுக்குத் தயாரிப்பாளரின் மூன்று வருட வாரண்டி பொதுவாகக் கிடையாது. ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

கட்டும் மெஷினின் உண்மையான பலம் இந்த ரசீதுதான். நல்ல பவர் சப்ளைக்கு 5 முதல் 10 வருடம், எஸ்எஸ்டிக்கு 3 முதல் 5, மதர்போர்டுக்கு 3 என்று பாகத்துக்கு ஒரு வாரண்டி. ராம் போனால் ராமை மட்டும் மாற்றினால் போதும், மெஷின் முழுவதையும் எங்கும் அனுப்ப வேண்டாம். பலவீனமும் அதுவேதான்: எந்தப் பாகம் போனது என்று கண்டுபிடிப்பது உங்கள் தலையில். அந்தத் துப்பறியும் வேலை பிடிக்காதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

கட்டியவர்கள் முதல் நாளே பயந்து ஃபோன் செய்வது இரண்டு விஷயத்துக்கு. டிடிஆர்5 என்ற புது வகை ராம் போட்ட மெஷின், முதல் தடவை இயக்கும்போது மெமரியைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். ஏஎம்டி சிபியுவுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் சில நிமிடம் வரை ஸ்க்ரீன் கறுப்பாகவே இருக்கலாம். ஃபேன் மட்டும் சுற்றும். பதறி அணைத்துவிட்டு மறுபடி போட்டால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். இரண்டாவது, கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகுவது. கேபிளைக் கீழே இருக்கும் கார்டுக்கு மாற்றினால் படம் வந்துவிடும்.

எந்த சிபியு-போர்டு குடும்பம் என்று பார்த்தால் எனக்கு ஏஎம்5தான். 2027 வரையிலும் அதற்குப் பிறகும் இதே சாக்கெட்டுக்குச் சில்லு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாலு வருடம் கழித்து சிபியுவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2025 கடைசியிலிருந்து காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் டிடிஆர்5 விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. குரூசியல் என்ற பெயரில் வீட்டுக்காரர்களுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 'நாமே கட்டினால் மலிவு' என்ற பழைய கணக்கு இப்போது கேமிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்குத்தான் ஓரளவு ஒத்துவரும்.

ஆபீஸ் கழித்த மெஷின்

என் ஓட்டு இதற்குத்தான். சிங்கப்பூரில் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. வாரண்டி முடிந்ததும் கூட்டம் கூட்டமாகக் கணினிகளைக் கழித்துவிடுவார்கள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் என்ற பிசினஸ் லேப்டாப்கள் எல்லாம் அப்படிச் சந்தைக்கு வருபவை. வீட்டு உபயோக லேப்டாப்பைவிடக் கீல் கெட்டி, கீபோர்டு சுகம், பாகம் மாற்றுவது எளிது. டெஸ்க்டாப் வேண்டும் என்றால் திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ என்று ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகள் உண்டு. மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிடலாம், வீவக அடுக்குமாடி வீட்டில் படுக்கையறையே படிப்பறையாக இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். எட்டாம் தலைமுறைக்கு மேல் எடுத்தால் விண்டோஸ் 11 ஓடும், உள்ளே ராமும் சேர்ந்தே வரும். மின்சாரமும் மிச்சம். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப் சும்மா பிரவுசர் ஓட்டும்போது 70 வாட் இழுக்கிறது, தினம் எட்டு மணி நேரம் ஓடுகிறது, யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் ஐந்து வெள்ளி. 15 வாட் இழுக்கும் சின்னப் பெட்டிக்கு ஒரு வெள்ளிதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திங்க்பேடில் அந்த பாஸ்வேர்டை நீக்குவது லேசான காரியமில்லை. அப்புறம் ஆட்டோபைலட், கம்பெனிகள் தங்கள் மெஷின்களைப் பதிந்து கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் வசதி. விண்டோஸைப் புதிதாக ஏற்றி வைஃபை கொடுத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நின்றால், அந்தக் கம்பெனி தன் பதிவிலிருந்து மெஷினை இன்னும் விடுவிக்கவில்லை. எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் திரும்ப வரும். விற்பவர் முன்னாலேயே கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இதைச் சோதிக்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் புதிதில் இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே என்றால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லு உள்ள பழைய கேமிங் மெஷின் மலிவாக வந்தால் யோசியுங்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் சில்லு கெடுவதை ஒப்புக்கொண்டுதான் 2024இல் இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது.

பழைய பொருள் விற்கும் இணையச் சந்தையான கெரோசலில் தனி ஆளிடம் வாங்கினால் இன்னும் மலிவு. ஆனால் குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் கடையில் வாங்குவதற்குத்தான். கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே குறை இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பழைய பொருளுக்கும் இது உண்டு, வயதையும் விலையையும் கணக்கில் கொள்வார்கள். பேச்சு எடுபடாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கு மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். எம்ஆர்டி ஸ்டேஷன் வாசலில் பணம் கொடுத்து வாங்கி, மறுநாள் ஓடவில்லை என்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. ஐம்பது வெள்ளி கூடினாலும் ரசீதும் வாரண்டியும் தரும் கடையில் வாங்குவதே என் வழக்கம்.

எதை வாங்கினாலும் பழைய பெட்டி மிஞ்சும். அதன் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டுக்கொண்டால் குடும்பப் படங்களுக்கு பேக்அப் ஆயிற்று. மீதியைக் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். புது மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொன்னால் இன்னும் வசதி: 2021 ஜூலை முதல், புதுசைக் கொண்டுவரும் கடைக்காரர் அதே வகைப் பழசைக் கட்டணமில்லாமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஆர்டர் போடும்போதே சொல்லிவிடுங்கள், லாரி வந்தபின் சொன்னால் இழுத்தடிப்பார்கள்.