கார்பன் பிடிக்கும் பசால்ட் தூள்: வாங்கலாமா, வேண்டாமா?

பசால்ட் என்பது எரிமலைக் குழம்பு இறுகி உருவான கருநிறப் பாறை. அதைத் தூளாக்கி வயலில் தூவினால் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள்; பிடிபடும் வாயுவின் அளவைத்தான் இங்கே கார்பன் கணக்கு என்கிறோம். லேசான அமில மண், நல்ல மழை, வயலுக்குப் பக்கத்திலேயே குவாரி. இந்த மூன்றும் இருந்தால் பசால்ட் தூளை வாங்கிப் போடலாம். பிஎச் 7-ஐத் தாண்டிய, சுண்ணாம்பு படிந்த மண்ணாக இருந்தால் கார்பன் கணக்குக்காக வாங்கவே வேண்டாம்.

வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயு மண்ணின் ஈரத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது பாறைத் துகளை அரித்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் விடுவிக்கிறது. அப்போது வாயு பைகார்பனேட்டாக மாறி, வடியும் நீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ப் பல்லாயிரம் ஆண்டு தங்குகிறது. கார மண்ணில் அந்தக் கால்சியம் மறுபடி சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பிடித்ததில் பாதி வாயு அங்கேயே திரும்ப வெளியேறிவிடும்.

கிரஷரில் கிடைக்கும் கல்தூள் எல்லாமே இதற்கு உதவாது. கிரானைட் தூளில் குவார்ட்சும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும்தான் அதிகம். கால்சியமும் மெக்னீசியமும் மிகக் குறைவு. ஒலிவின் என்ற மெக்னீசியம் மிகுந்த கனிமத்தின் தூள் காகிதத்தில் பசால்ட்டைவிடப் பல மடங்கு வாயு பிடிக்கும். ஆனால் நிக்கல், குரோமியம் போன்ற கன உலோகங்களும் சேர்ந்தே வரும். ஆண்டுதோறும் போடும் விளைநிலத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

விற்பவரிடம் எக்ஸ்ஆர்எஃப் பரிசோதனை (கல்லில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று எக்ஸ் கதிரால் அளப்பது) அறிக்கை கேளுங்கள். அதில் கால்சியம் ஆக்சைடு சதவீதத்தை 1.57-ஆலும் மெக்னீசியம் ஆக்சைடு சதவீதத்தை 2.18-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். கால்சியம் ஆக்சைடு 9, மெக்னீசியம் ஆக்சைடு 7 சதவீதம் என்றால் சுமார் 29 வரும். அதாவது ஒரு டன் தூள் முழுக்கக் கரைந்தால்கூட ஏறக்குறைய 290 கிலோ கரியமில வாயுதான். இதே கல்லுக்கு ஒருவர் அரை டன் என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சிட்டிகைத் தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் கலந்திருக்கிறது. அதிலுள்ள கால்சியமும் எக்ஸ்ஆர்எஃப் கணக்கில் சேரும், ஆனால் பிடிக்கும் வாயு பாதிதான்.

நைசு எவ்வளவு இருக்க வேண்டும்? பிரேசில் 2016-இல் வகுத்த விதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அங்கே தூள் வகை என்றால் முழுவதும் 2 மில்லிமீட்டர் சல்லடையிலும், பாதியாவது 0.3 மில்லிமீட்டர் சல்லடையிலும் இறங்க வேண்டும். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆக்சைடுகள் சேர்ந்து 9 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மாவு போல அரைத்தால் சீக்கிரம் கரையும், ஆனால் அரைக்கும் மின்சாரம் பிடித்த கார்பனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். குவாரியில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் நைசுத் தூள்தான் நல்ல தேர்வு.

போடும் அளவை எக்டேருக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால், அது ஏக்கருக்கு 8 டன், சதுர மீட்டருக்கு 2 கிலோ. மண்மேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான படலம், அவ்வளவுதான். ஒரு மீட்டர் சதுரத் தார்ப்பாயை வயலில் நாலைந்து இடத்தில் விரித்து, சுண்ணாம்பு தூவும் இயந்திரத்தை மேலே ஓட்டி, விழுந்ததை நிறுத்துப் பாருங்கள். பாயில் 2 கிலோவுக்குப் பதில் 3 கிலோ, அடுத்ததில் 1 கிலோ என்று வந்தால் பின்னால் எடுக்கும் மண் மாதிரி எதற்கும் பயன்படாது. தூள் நனைந்திருந்தால் தொட்டிக்குள் கட்டிதட்டி நின்றுவிடும். காய்ந்திருந்தால் புழுதி பறக்கும். அந்தப் புழுதியில் சிலிக்கா இருக்கலாம், எனவே என்95 முகக்கவசம் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

பலன் என்ன? அமெரிக்காவின் இல்லினாயில் மக்காச்சோளமும் சோயாவும் மாற்றிப் பயிரிட்டு, எக்டேருக்கு ஆண்டுக்கு 50 டன் வீதம் 4 ஆண்டு போட்டார்கள். 2024-இல் வெளியான முடிவுப்படி விளைச்சல் 12 முதல் 16 சதவீதம் கூடியது. எக்டேருக்குச் சுமார் 10.5 டன் வாயு பிடிபட்டது, 3.8 டன் முன்பின். டன் தூளுக்கு 50 கிலோ சொச்சம். கடைசி ஆண்டு போட்டது கரைய நேரமே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது மோசமில்லை. ஆனால் 290 கிலோவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை விற்பனைத் தாளில் யாரும் அச்சிடுவதில்லை.

இந்த இடைவெளிக்குத் தூளின் குறை மட்டும் காரணமல்ல. அம்மோனிய, யூரியா உரங்கள் மண்ணில் நைட்ரிக் அமிலத்தை உண்டாக்கும். அது பாறையை அரித்தால் மண்ணின் புளிப்பு குறையும், வாயு பிடிபடாது. பிஎச் 5-க்குக் கீழே உள்ள மண்ணிலும் இதே கதைதான். களிமண் கூடுதலான வயலில் விடுபட்ட கால்சியம் மண்துகளிலேயே ஒட்டிக்கொண்டு, கார்பன் கணக்கு பல ஆண்டு தள்ளிப்போகும்.

தூளைத் தூவி, பிடிபட்ட கார்பனைக் கணக்கிட்டுத் தருவதாகச் சொல்லும் சேவைகளுக்கு அளப்பதுதான் பலவீனமான இடம். மேல் 15 சென்டிமீட்டர் மண் ஒரு எக்டேரில் ஏறக்குறைய 2,000 டன் இருக்கும். அதில் 20 டன் என்பது 1 சதவீதம். அதிலும் கரைந்துபோன பகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும்! அதனால்தான் தூளில் உள்ள, எளிதில் கரையாத டைட்டானியத்தை அடையாளமாக வைத்து, எவ்வளவு தூள் விழுந்தது, அதிலிருந்து எவ்வளவு கால்சியம் வெளியேறியது என்று பார்க்கிறார்கள். கணினி மாதிரியை மட்டும் காட்டிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். தூவுமுன்பே ஜிபிஎஸ் குறித்த இடங்களில் மண் எடுத்திருக்க வேண்டும்; அடுத்த முறையும் அதே இடங்களில்தான் எடுக்க வேண்டும். கூடவே அதே பயிர், அதே உரம், அதே பாசனத்தோடு தூள் மட்டும் போடாத ஒரு பட்டையும் வயலுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை வரப்போரமாக ஒதுக்க விடாதீர்கள். அங்கே மண்ணும் வடிகாலும் வேறாக இருக்கும்.