கட்டண இதழா, பல்கலைக்கழகக் களஞ்சியமா?

இரணைமடுக் குளத்தைப் பற்றிய ஆய்வு, கிளிநொச்சி விவசாயியின் கைபேசியிலும் திறக்க வேண்டும். வழிகள் இரண்டு.

திறந்த அணுக்க இதழில் வெளியிட்டால் அன்றே எவரும் படிக்கலாம். ஆனால் பல இதழ்கள் அதற்காகக் கட்டுரை எழுதியவரிடம் 1,000 டொலருக்கு மேல் கேட்கின்றன. பாதி கழித்துக் கொடுத்தாலும் அது பெருந்தொகை. 2021இல் தனியொரு பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவில் ஓர் இளம் விரிவுரையாளர் அதற்கு எங்கே போவார்?

பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்குச் செலவில்லை. இதழ் ஏற்றுக்கொண்ட, அச்சுக்குப் பக்கம் அமைக்குமுன் உள்ள உங்கள் இறுதிப் பிரதியை இடலாம். சில பதிப்பகங்கள் ஓராண்டு பொறுக்கச் சொல்லும், அச்சுப் பக்க அழகும் இராது. அட்டவணையும் வரைபடமும் அப்படியே இருக்குமே, அதுதானே வேண்டும்! என் தெரிவு களஞ்சியமே.

ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தப் பிரதியைத் தனியே சேமித்துவையுங்கள்.