மலைப்பாதை மழைக்கு ஒரு மழைக்கோட்டு: 2018 முதல் இன்று வரையான பயன்பாட்டு அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வாரம் இருமுறையாவது பைக்கில் சென்று திரும்புகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் உள்ள எடைக்கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவு. ஆழியாறு அணையைக் கடந்ததும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாள்களில், அட்டகட்டிக்கு மேலே ஒதுங்கி நிற்க இடம் தேடுவது வீண். நின்றால் மழை விடப்போவதில்லை. நனைந்த உடலோடு குளிர்காற்றில் வண்டி ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும், பிரேக் பிடிப்பதில் தாமதம் ஏற்படும். ஆகவே இந்தப் பாதையில் மழைக்கோட்டு என்பது உயிர்ப் பாதுகாப்பைச் சேர்ந்தது என்றே கருதுகிறேன்.

2018இல் வாங்கிய முதல் கோட்டு, தடித்த பிவிசியால் ஆனது; விலை 900 ரூபாய். அதன் மூட்டுகள் தைக்கப்படாமல் சூட்டால் ஒட்டப்பட்டிருந்ததால் ஒரு சொட்டு நீரும் உள்ளே வரவில்லை. ஆனால் அதற்குள் உடலின் ஆவி வெளியேற வழியே இல்லை. ஆழியாறு சோதனைச் சாவடியை அடைவதற்குள் சட்டை வியர்வையில் ஊறிவிடும்; மேலே ஏறியதும் அந்த ஈரமே குளிரெடுக்கும். பிவிசியை வளையச் செய்யும் சேர்மானம் நாளடைவில் குறையக் குறையப் பொருள் விறைத்துவிடும். இரண்டாம் ஆண்டில் முழங்கை மடிப்பில் வெடிப்பு விழுந்தது.

2019இல் வாங்கிய இரண்டாவது கோட்டு, பாலியூரித்தேன் பூச்சு கொண்ட பாலியெஸ்டர் துணி. மெலிதாகவும் அணிவதற்கு இதமாகவும் இருந்தது. ஊரடங்குக் காலத்தில் அதைச் சுருட்டிப் பையிலிட்டு அலமாரியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது உட்புறப் பூச்சு பிசுபிசுத்து, செதில் செதிலாக உரிந்தது. இவ்வகைப் பூச்சைக் காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிதைக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அணியாமல் வைத்திருந்தால் கெடாது என்று நம்பியது என் பிழை.

மூன்றாவதை வாங்குவதற்கு முன் நிதானமாகத் தேடினேன். பெரும்பாலான கோட்டுகளில் நீர்த்தாங்கு திறன் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தை நிறுத்தினால் நீர் ஊடுருவத் தொடங்கும் என்பதே அந்த அளவு. நடந்து செல்பவருக்கு 2,000 என்பது சாதாரண மழைக்குப் போதலாம். ஆனால் பைக்கில் உட்காருபவரின் உடல் எடையின் பெரும்பகுதி இருக்கையின் மீது சிறு பரப்பில் அழுந்துகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை அழுந்தினால் அது 10,000 மில்லிமீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். தோள்பையின் பட்டை அழுத்தும் இடத்திலும் இதே நிலைதான். எனவே 10,000க்குக் குறையாத துணியையே தேர்ந்தெடுத்தேன்.

இருப்பினும் அந்த எண் துணிக்கு மட்டுமே உரியது. தையலுக்கு அது பொருந்தாது. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல். கோட்டை உட்புறம் திருப்பி, எல்லாத் தையல்களின் மீதும் பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தோளில் மட்டும் ஒட்டிவிட்டு அக்குளையும் பேன்ட்டின் கவட்டையையும் விட்டுவிடும் தயாரிப்புகள் கடைகளில் ஏராளம். உட்காரும்போது மழைநீர் மடியில் குளம்போல் தேங்குவதால், கவட்டையின் குறுக்கே தையல் ஓடாத பேன்ட் கிடைத்தால் அதையே எடுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் வலியுறுத்துவேன்.

2022 மே மாதம் 4,800 ரூபாய்க்கு வாங்கிய, மேல்கோட்டும் பேன்ட்டும் கொண்ட அந்த இணையைத்தான் நான்கு பருவமழைகளாக அணிகிறேன். வாங்கிய அன்றே சாம்பல் நிறப் பருத்திச் சட்டையின் மேல் அதை அணிந்து, குளியலறையில் ஷவருக்கு அடியில் ஸ்டூல் போட்டு, பைக் ஓட்டும் நிலையில் பத்து நிமிடம் அமர்ந்தேன். சாம்பல் நிறத் துணியில் ஒரு துளி பட்டாலும் கருமையாகத் தெரியும். கழுத்தில் மட்டும் ஈரம் இருந்தது. காரணம் கோட்டு அல்ல. வெளியே நீட்டியிருந்த சட்டைக் காலர் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை உள்ளே இழுத்திருந்தது. அன்று முதல் மழைநாளில் காலர் இல்லாத பனியன் துணிச் சட்டையே அணிகிறேன். கையுறையின் விளிம்பைக் கோட்டின் கைக்குள் செருகிக்கொள்கிறேன். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கை முன்னோக்கிச் சரிவாக இருப்பதால் நீர் மணிக்கட்டை நோக்கித்தான் ஓடும்.

இரண்டாம் பருவத்தில் வெளித்துணி நீரை உதறாமல் குடிக்கத் தொடங்கியது. உடம்பு சில்லிட்டதால் கோட்டு ஒழுகுகிறது என்றே எண்ணினேன். உள்சட்டையைத் தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருந்தது. மேற்பரப்பில் நீரை முத்துமுத்தாக உருளச் செய்யும் மெல்லிய பூச்சு சேற்றாலும் புகையாலும் செயலிழந்திருந்தது. மென்மையான சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய துணியை மேலே விரித்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டதும் பெருமளவு மீண்டது. கோட்டின் சலவைக் குறிப்பு இஸ்திரியை அனுமதித்தால் மட்டுமே இதைச் செய்யலாம். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது.

காற்றோட்டம் பற்றி விளம்பரங்கள் கூறுவதை நம் தட்பவெப்பத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். 1969இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் உருவாக்கிய நுண்துளைச் சவ்விலிருந்து வளர்ந்த உயர்விலைக் கோட்டுகளும், உள்ளே ஆவியழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் வியர்வையாவியை வெளியேற்றும். மழை பெய்யும்போது வால்பாறையில் 18 டிகிரி இருந்தால், சமவெளியின் 28 டிகிரி மழையோடு ஒப்பிட இந்த வேறுபாடு ஏறத்தாழ இரு மடங்கு. என் கோட்டே மலையில் இதமாகவும் ஆனைமலைச் சாலையில் புழுக்கமாகவும் இருக்கிறது. சென்னையில் நவம்பர் மழைக்காக வாங்குபவர் சவ்வுக்குப் பணம் கொடுப்பதைவிட, முதுகில் மூடியுடன் கூடிய காற்றுத்திறப்பும் முழுமையான தையல்பட்டையும் உள்ள கோட்டைத் தேடுவதே நல்லது.

குறைகளும் உண்டு. மூன்றாம் ஆண்டில் இடது அக்குள் பட்டை பிரிந்தது. பேன்ட்டின் வலது காலில் சைலன்சர் பட்டு உள்ளங்கை அளவு உருகியது. ஜிப்பை மூடும் மடிப்பில் உள்ள வெல்க்ரோ நூலும் தூசியும் அடைந்து பிடிப்பிழந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் சரியானது. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது நிறம். அழுக்குத் தெரியாது என்று கருப்பை எடுத்தேன். கவர்க்கல் பக்கம் மூடுபனியில் எதிரே வந்த லாரி மிக அருகில் வந்த பின்னரே என்னைக் கண்டு ஒதுங்கியது. அந்த ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "தம்பி, வெளிச்சமான கலர்ல ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்கப்பா, கண்ணுக்கே தெரியலை" என்றார். மறுநாளே ஒளிரும் மஞ்சள் மேலங்கி ஒன்றை வாங்கிக் கோட்டின் மேல் அணிந்துகொண்டேன்.

வீடு திரும்பியதும் கோட்டை அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுகிறேன். ஈரத்தோடு மடிப்பதில்லை, பைக் பெட்டிக்குள் விட்டுவைப்பதும் இல்லை. சென்ற மே மாதம் அக்குள் தையலுக்குப் புதிய பட்டை ஒட்டி, பேன்ட்டின் ஓட்டையையும் அடைத்தேன். ஜூனில் முதல் கனமழையில் வால்பாறை சென்று இறங்கியபோது, உள்சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த வேலைச்சீட்டில் மை கலையவில்லை. அடுத்த கோட்டு வாங்கும் நாளில் இதே வெட்டு, ஓர் அளவு பெரிதாக, மஞ்சள் நிறத்தில் எடுப்பேன்.