டிசம்பரில் கேட்பதா, மார்ச்சில் கேட்பதா?

கடலூர்ப் பக்கம் சின்ன அறக்கட்டளை நடத்துபவர்கள் ஆண்டு இறுதி நன்கொடைக்கு இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

கொடுக்கும் மனசு: டிசம்பரில் மழையும் வெள்ளமும் கண்முன்னே நிற்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த ஊர், சொல்லவே வேண்டாம். நிதியாண்டு முடியும் மார்ச்சில் வரிக்கணக்குதான் பேசும். ஆனால் 80ஜி என்று சொல்லும் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

செலவு: இரண்டுக்கும் வாட்ஸ்அப் போதும்.

தொடர்பு: டிசம்பரில் கொடுத்தவருக்குப் பொங்கலுக்குள் "உங்கள் பணத்தில் வாங்கிய தார்ப்பாய்" என்று படம் அனுப்பலாம். மார்ச்சில் கொடுத்தவர் பெரும்பாலும் ரசீதோடு சரி.

புது ஆட்களைப் பிடிக்க டிசம்பர். ஆடிட்டர் வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் மார்ச் முதல் வாரம். 31-ஆம் தேதி கூப்பிட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.