பெப்பர் ஸ்ப்ரேயா, டார்ச்சா?

இரவு ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்கி, ஜிஎஸ்டி சாலையைத் தாண்டி வீட்டுக்கு நடக்கிறவள் நான். தாம்பரத்துக்குத் தெற்கே மனை வாங்கிக் குடியேறியவர்களுக்கு இந்த நடையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பாதி வீடு, பாதி காலி மனை, நடுவில் கருவேலம். தெருவிளக்கில் ஒன்று எரிந்தால் இரண்டு எரியாது. கூட வேலை பார்க்கும் பெண்களில் பலர் பையில் பெப்பர் ஸ்ப்ரே வைத்திருக்கிறார்கள். என் பையிலும் ஒன்று உண்டு. ஆனால் ஸ்டேஷன் படி இறங்கும்போது என் கைக்கு வருவது டார்ச்தான். "டார்ச்ச வச்சு என்னக்கா பண்ணுவீங்க, கண்ணுல அடிப்பீங்களா?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். தேவைப்பட்டால் அதுவும்தான். ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன்னால் டார்ச் செய்கிற வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் நான் அந்தப் பக்கம் சாய்ந்தேன்.

போட்டியில் நிற்காதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். செல்போன் லைட் பெரும்பாலும் ஐம்பது லூமன் அளவுதான் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு). வெளிச்சத்தைக் குவிக்க உள்ளே எதுவும் கிடையாது, அதனால் காலடியில் பரவி அங்கேயே முடிந்துவிடும். போதாக்குறைக்கு, இருட்டில் போனை நீட்டிப் பிடித்து நடப்பது பறித்துக்கொண்டு போக வசதி செய்து கொடுப்பது மாதிரி. 112-க்கு அடிக்க வேண்டிய போனும் வெளிச்சமும் ஒரே பொருளாக இருப்பதும் சரியில்லை. பின்னை இழுத்தால் அலறுகிற சின்ன அலாரம் மலிவு, பையில் தொங்கிவிட்டுப் போகட்டும். ஆனால் கேட்கிற காது பக்கத்தில் இருக்க வேண்டும், எங்கள் காலி மனைகளில் அதற்கு நாய்கள்தான் பதில் சொல்லும். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி எல்லோர் போனிலும் இருக்க வேண்டியது, அதை எதனோடும் ஒப்பிட வேண்டியதில்லை. கத்தி வேண்டாம். பறிகொடுத்தால் அது எதிராளியின் கத்தி.

மிஞ்சுவது ஸ்ப்ரேயும் டார்ச்சும்.

ஸ்ப்ரேக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். உள்ளே இருப்பது மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் நிறைந்த எண்ணெய். முகத்தில் பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், இருமல் பிடிக்கும், தோல் எரியும். அடங்க அரை மணி நேரம் கூட ஆகலாம். ஒருவன் கையைப் பிடித்துவிட்டான் என்ற கட்டத்தில் டார்ச்சால் இப்படி எதுவும் செய்ய முடியாது. அந்த ஒரு நொடிக்கு எது நல்லது என்று கேட்டால் ஸ்ப்ரே என்றுதான் சொல்வேன்.

அதன் சங்கடங்கள் வேறு. கைப்பையில் அடங்குகிற சின்னக் குப்பி ஆறிலிருந்து பத்தடி தூரத்துக்குத்தான் பீய்ச்சும். எதிர்காற்று அடித்தால் பாதி நமக்கே திரும்பும். மூடிய இடத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்திருக்கிறது. 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதா வந்தபோது மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் ஸ்ப்ரேயை அடிக்க, அவையே இருமிக்கொண்டு வெளியே ஓடியது, சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே அந்தக் கதி என்றால் ஷேர் ஆட்டோவுக்குள் என்ன நடக்கும்?

சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஸ்ப்ரே வாங்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அடித்ததைத் தற்காப்பு என்று ஏற்காமல், ஸ்ப்ரேயை ஆபத்தான ஆயுதம் என்றே சொன்னது. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, லக்கேஜிலும் கூடாது. பிரிட்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் பையைத் துழாவிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது, அங்கெல்லாம் வைத்திருப்பதே குற்றம். டார்ச்சை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆபீஸ் வாசலில், மால் வாசலில் பை திறந்து காட்டும்போதும் அது வெறும் டார்ச்.

சரி, டார்ச் என்னதான் செய்கிறது? ஸ்ப்ரே வேலை செய்வது கடைசிப் பத்தடியில். டார்ச் வேலை செய்வது அதற்கு முந்தைய ஐம்பதடியில். காம்பவுண்டு ஓரம் நிற்பது ஆளா, குப்பைத் தொட்டியா என்று அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆளாக இருந்தால், தன்னை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பது அவனுக்கும் தெரியும். ஒதுங்கிப் போவதா, திரும்பிவிடுவதா, யாரையாவது போனில் கூப்பிடுவதா என்று முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது. மற்றபடி எங்கள் தெருவில் எனக்கு நிஜமாக ஏற்படக்கூடிய ஆபத்துகளைக் கணக்குப் பார்த்தால், ஆள் பின்வரிசையில்தான் வருவான். முன்வரிசையில் திறந்துகிடக்கும் மழைநீர்க் கால்வாயும் நாய்களும் பாம்பும் இருக்கின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கட்டுவிரியன் ஊர்வதே இரவில்தான். இதற்கெல்லாம் ஸ்ப்ரேயில் பதில் கிடையாது. நாய்க்கு மட்டும் கொஞ்சம் உண்டு. டார்ச்சும் நாயிடம் எப்போதும் பலிப்பதில்லை. தனி நாய் பெரும்பாலும் தயங்கி நின்றுவிடுகிறது, கூட்டமாக வந்தால் வெளிச்சத்தைப் பார்த்து இன்னும் குரைக்கிறது.

இதெல்லாம் இருந்தாலும் என் முடிவை உண்மையில் தீர்மானித்தது பராமரிப்புதான். யாரும் இதைப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்ப்ரே வாங்கிய அன்று ஒரு தடவை பார்ப்போம், பைக்குள் போடுவோம். அதன் மேல் டிபன் பாக்ஸ், குடை, துப்பட்டா, ரசீதுகள் எல்லாம் சேரும். இரண்டு மூன்று வருடத்தில் காலாவதியாகும் தேதி குப்பியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு முன்பே உள்ளே அடைத்த வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, அழுத்தினால் பீய்ச்சுவதற்குப் பதில் சொட்டலாம். நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி அடித்துப் பார்ப்பது. அடித்தால் இருப்பது குறையும், வீட்டில் எல்லோரும் இருமுவார்கள். அதனால் யாரும் அடித்துப் பார்ப்பதில்லை. எந்த விரலால் பூட்டைத் திருப்ப வேண்டும் என்பதே கைக்குப் பழகியிருக்காது. பழகுவதற்கென்று வெறும் தண்ணீர் நிரப்பிய குப்பி வெளிநாட்டில் விற்கிறார்கள், நம் ஊர்க் கடைகளில் என் கண்ணில் பட்டதில்லை.

டார்ச் அப்படியில்லை. தினமும் இரவில் எரிகிறது. பேட்டரி இறங்கினால் அன்றைக்கே தெரிகிறது. சுவிட்ச் எந்தப் பக்கம் என்று கட்டை விரலுக்குத் தெரியும். பையில் தேட வேண்டியதும் இல்லை, நடக்கும்போதே கையில்தான் இருக்கிறது. ஸ்ப்ரேயையும் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கலாமே என்றால் நடக்கலாம்தான், யார் நடக்கிறார்கள்?

ஆனால் எந்த டார்ச் என்பதில்தான் பராமரிப்பு நல்லதாகவோ தலைவலியாகவோ ஆகும். பிளக் முள் வெளியே நீட்டிக்கொண்டு, நேராகச் சுவரில் செருகிச் சார்ஜ் போடும் பிளாஸ்டிக் லைட் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. உள்ளே பெரும்பாலும் சின்ன லெட்-ஆசிட் பேட்டரி. காலியான நிலையில் சில வாரம் கிடந்தாலே கெட ஆரம்பிக்கும், மாற்றுவதும் லேசில்லை. கரண்ட் போனால் சமையலறைக்கு ஆகும், தெருவுக்கு அதை நம்ப வேண்டாம்.

பென்சில் பேட்டரி போடும் டார்ச்சுக்கு ஒரு பெரிய வசதி, பேட்டரி பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் அல்கலைன் பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து, வெள்ளை உப்புப் பூத்து, ஸ்பிரிங்கையே அரித்துவிடும். அவ்வப்போது மட்டும் எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். சார்ஜ் செய்யக்கூடிய பென்சில் பேட்டரியில், சும்மா இருக்கும்போது மெதுவாகவே இறங்கும் வகை 2005-இல் எனலூப் என்ற பெயரில் வந்தது, இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த டார்ச்சில் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

நான் வைத்திருப்பது 18650 என்ற லித்தியம் செல் போடுகிற விரல் தடிமன் அலுமினிய டார்ச். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருந்தது இதுதான். போன் சார்ஜரிலேயே டார்ச்சைச் சொருகிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போட்டால் அந்த வாரம் ஓடிவிடுகிறது. உதிரி செல் வாங்கும்போது மட்டும் விழித்துக்கொள்ள வேண்டும். செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை மில்லி ஆம்பியர் மணியில் சொல்வார்கள், இந்த அளவுக் கூட்டுக்குள் நிஜமாக அடங்குவது ஏறக்குறைய 3,500தான். மேலே 9,900 என்று அச்சடித்துச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலும் விற்பார்கள், ஆன்லைனிலும் விற்பார்கள், அது பொய். நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். கையில் எடுத்தால் காற்றாக இருப்பதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பராமரிப்பில் இன்னும் இரண்டு. பைக்குள் சுவிட்ச் தானாக அழுந்தி எரிந்தால் பேட்டரி காலியாவதோடு துணியும் பொசுங்கலாம், அதனால் பகலில் பின் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பேன். பல டார்ச்சுகளில் இப்படிச் செய்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். மே மாத வெயிலில் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் ஸ்ப்ரேயையும் வைக்கக்கூடாது, லித்தியம் செல்லையும் வைக்கக்கூடாது. ஸ்ப்ரே குப்பியில் 50 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருப்பார்கள், அந்தப் பெட்டிக்குள் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

வாங்கும்போது லூமன் கணக்கில் மயங்க வேண்டாம். லூமன் என்பது மொத்த வெளிச்சம், தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலா, அதாவது ஒரே திசையில் வெளிச்சம் எவ்வளவு குவிகிறது என்ற அளவு. 2009-இல் டார்ச்சுகளுக்கென்று வந்த எஃப்எல்1 என்ற தர அளவுப்படி, பெட்டியில் போட்டிருக்கும் தூரம் என்பது வெளிச்சம் முழுநிலா அளவுக்கு மங்கிப்போகிற இடம். 200 மீட்டர் என்று போட்டிருந்தால் ஆளை அடையாளம் காண்பதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று நான் வைத்துக்கொள்வேன். எத்தனை மணி நேரம் எரியும் என்பதும் அப்படித்தான், வெளிச்சம் பத்து சதவீதத்துக்கு இறங்கும் வரை ஓடுகிற நேரம் அது. நல்ல கம்பெனி என்றால் இந்த எண்களைச் சேர்த்தே போடும். 'ஒரு லட்சம் லூமன்' என்று கூவுகிற ஜூம் லைட்டில் இவை எதுவும் இருக்காது. பின்பக்கம் சுவிட்ச், அழுத்தியதும் முழு வெளிச்சம், இது போதும். ஏழு மோடு இருந்து அவசரத்தில் மங்கலான மோடில் போய் நின்றால் எரிச்சலாக இருக்கும்.

இனி எனக்கு அனுபவம் போதாத இடங்கள். ஒருவர் கண்ணில் நேராக அடித்துத் தப்பித்த கதை என்னிடம் இல்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணில் சில நூறு லூமன் பட்டால் சில நொடி கூசும், அது நிச்சயம். தெருவிளக்கு பளிச்சென்று இருந்தால் அவ்வளவு கூசாது, பகலில் சுத்தமாகப் பிரயோஜனமில்லை. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபைப் பற்றி விற்பவர்கள் அளப்பதை நான் நம்பவில்லை. வீட்டு மாடியில் போட்டுப் பார்த்தபோது எனக்கே எதிரில் என்ன நகர்கிறது என்று பிடிபடவில்லை. ஒரு முறை காலி மனை ஓரம் எஞ்சினை அணைக்காமல் நின்ற பைக்கின் மேல் வெளிச்சத்தை நிறுத்தினேன், கிளம்பிப் போய்விட்டது. வழி தெரியாமல் நின்றவராகக்கூட இருந்திருக்கலாம். குடித்துவிட்டு நிற்கிறவரின் முகத்தில் அடித்தால் சண்டை பெரிதாகுமா என்பதும் தெரியாது, அவர்களுக்கு நான் தரையில் மட்டும்தான் அடிப்பேன்.

கனமான டார்ச் வாங்கினால் தடியாகவும் ஆகுமே என்பார்கள் அப்பா வயதுக்காரர்கள். இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் கையில் மூணு கட்டை பேட்டரி லைட்டு இருந்த காலத்து யோசனை. அமெரிக்கப் போலீசும் நீளமான உலோக டார்ச்சை வெகுகாலம் வைத்திருந்தது. 2004-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு போலீஸ்காரர் பிடிபட்ட ஆளை அதால் அடித்தது டிவி ஹெலிகாப்டரில் பதிவாக, 2007-இல் அந்தத் துறை அடிக்க உதவாத சின்ன லைட்டுக்கு மாறியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34-ஆவது பிரிவு முதல் தற்காப்பு உரிமை வருகிறது, ஆனால் தேவைக்கு மேல் தாக்கக்கூடாது என்று 37-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. இது ஒரு பக்கம். அரைக் கிலோ லைட்டை யாரும் தினமும் கொண்டுபோக மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம், எனக்கு அதுதான் பெரிய காரணம். முன்விளிம்பைப் பல் பல்லாகக் கூராக்கி விற்பதும் வேண்டாம், பை கிழியும், விமான நிலையத்தில் தேவையில்லாத கேள்வி வரும்.

சித்தி பெண் ஹைதராபாத் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் போவது வெளிச்சமான சாலை, கூட்டமான பஸ், பயம் அங்கே வேறு மாதிரி. அவளுக்கு என் டார்ச் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது, ஸ்ப்ரேயே வாங்கிக்கொள் என்றேன். சல்வார் பாக்கெட்டில் வை, காலாவதித் தேதியைப் போன் காலண்டரில் போடு, லீவுக்கு விமானத்தில் வந்தால் அறையிலேயே விட்டுவிட்டு வா. அந்த லீவில் ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடக்கும்போது முன்னால் டார்ச் பிடிப்பது நான்.