பழைய ரோட்டரி டேபிள் வாங்கி 28,500 ரூபாய் போச்சு: பட்டறை வைத்திருப்பவர்கள் படியுங்கள்

மண்டபத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பதினோரு நாளாகப் பொறுத்துப் பார்த்துவிட்டேன். இன்று காலை வந்த பதிலுக்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்னொருவர் ஏமாறக் கூடாது. பழைய ரோட்டரி டேபிளில் (வேலைப்பொருளை மேலே பிடித்து, ஹேண்டிலால் வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் வட்டமேசை) என்னென்ன பார்க்கணும் என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாளில்தான் விசைப்படகுகள் கரையேறி ஷாஃப்ட், கப்ளிங், கியர்பாக்ஸ் என்று வேலைக்கு வரும். என் வருஷ வருமானத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு மாசத்தில் வருவதுதான். இரண்டு ஷாஃப்டைப் போல்ட் போட்டு இணைக்கும் கப்ளிங் பிளேட்டில், சம இடைவெளியில் துளை பிரிப்பதை இத்தனை வருஷமும் கையால் செய்தேன். ஆறு துளை என்றால் காம்பஸ் அளவை மாற்றாமல் வட்டத்தைச் சுற்றி ஆறு முறை வைத்துவிடலாம். எட்டுத் துளையில்தான் எப்படிக் குறித்தாலும் எங்கேயாவது அரை மில்லி தள்ளிப்போகும், அரம் போட்டுச் சரிசெய்யணும். ஒரு போல்ட் இறுகி ஒரு போல்ட் தளர்ந்து நின்றால் ஷாஃப்ட் அதிரும். நடுக்கடலில் போல்ட் முறிந்தால் ஆள் திரும்பி வருவதே பாடு. அதனால்தான் ரோட்டரி டேபிள் தேடினேன்.

பழைய மெஷின்களுக்கு விளம்பரம் போடும் ஒரு இணையச் சந்தையில் பார்த்தேன். வெளியூர் பழைய மெஷின் கடை. 10 அங்குல டேபிள், இங்கிலாந்து மேக், 90-க்கு 1 விகிதம் என்று போட்டிருந்தது. ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினால் டேபிள் 4 டிகிரி நகரும், எட்டுத் துளைக்கு 11 சுற்றும் கால் சுற்றும். எனக்குக் கணக்கு சரியாக இருந்தது. விலை 28,500.

கடைக்காரரை வீடியோ காலில் கூப்பிட்டேன். “அண்ணே, அந்தக் காலத்து இரும்பு, இப்போ வர்றதெல்லாம் இது பக்கத்துல நிக்காது” என்றார். ஹேண்டிலைச் சுற்றிக் காட்டினார், வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அப்புறம் அவரே, “ஆடி அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் வருவேன்ணே, உங்க பட்டறைக்கு வந்து டீ குடிச்சிட்டுத்தான் போவேன்” என்றார். அம்மாவோடு கடலாட வருகிறவர் நம்மை ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். வீட்டில் வளையலை அடகு வைத்து அன்று சாயங்காலமே 28,500-ஐயும் முழுதாக அனுப்பினேன். பாதி இப்போது, பாதி பொருள் வந்ததும் என்று சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை.

லாரி பார்சலில் வந்தது. புதுச் சாம்பல் பெயிண்ட், உள்ளே கெட்டி கிரீஸ். துடைத்து மில்லிங் மெஷினில் ஏற்றி, பூஜ்யத்தில் வைத்து 15 சுற்று சுற்றினேன். 60-ல் நிற்க வேண்டிய கோடு 75-ல் நின்றது. முழு வட்டத்துக்கும் எண்ணிப் பார்த்தால் 72 சுற்று. அதாவது உள்ளே 72-க்கு 1 வார்ம் வீல் (டேபிளைத் திருப்பும் பல்சக்கரம்), வெளியே வேறு ஏதோ டேபிளின் ஹேண்டிலும் டயலும். ஒரு சுற்றுக்கு 5 டிகிரி, ஆனால் டயலில் 4 டிகிரிக்குத்தான் கோடு.

சரி, 72 என்றால் எட்டுத் துளைக்கு 9 சுற்று, கணக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றினேன். மறுபடி மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. 130 டிகிரியிலிருந்து 190 வரை ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டினால் கால் சுற்று சும்மா ஓடுகிறது, டேபிள் அசையவில்லை. அந்தப் பக்கத்துப் பற்கள் தேய்ந்துபோயிருக்கின்றன. கால் சுற்று என்றால் 1.25 டிகிரி. துளை வட்டம் 120 மில்லி என்றால் 1.3 மில்லி ஆட்டம். கையால் குறித்தபோதே அரை மில்லிதான் போனது!

அந்தச் சக்கரத்தைச் சுற்றும் திருகுத் தண்டுதான் வார்ம், அதை நெருக்கி வைக்க எக்சென்ட்ரிக் புஷ் ஒன்று இருக்கும், அதன் துளை மையம் தள்ளி இருக்கும். அதைத் திருப்பி ஆட்டத்தை எடுத்தேன். எடுத்தால், தேயாத பக்கம் வரும்போது இறுகி நின்றுவிடுகிறது. தளர்த்தினால் இங்கே ஆட்டம், இறுக்கினால் அங்கே பிடிப்பு. எப்போதும் ஒரே திசையில் சுற்றி வந்து லாக் போட்டுத் துளை போட்டால் சாதாரண ஆட்டத்தைச் சமாளிக்கலாம்தான். ஆனால் தேய்ந்த பல்லில் எந்தத் திசையில் வந்தாலும் கோணம் தவறும். டேபிளை அசையாமல் பிடிக்கும் லாக் போல்ட் இரண்டில் ஒன்றுக்குத் திருகு மறையும் இல்லை. பெயிண்டைச் சுரண்டினால் டி-ஸ்லாட் (பொருளைப் பிடிக்கும் போல்ட் மாட்டும் காடி) ஓரத்தில் விரிசல், மேலே புட்டி. வீடியோவில் அவர் பத்துச் சுற்றுதான் சுற்றினார், நல்ல பக்கத்தில் மட்டும்.

போன் செய்தேன். முதல் நாள், “ஆயில் விட்டு ஓட்டுங்கண்ணே, செட் ஆயிரும்.” இரண்டாம் நாள், “பழைய பொருள்னா முன்னப்பின்னதான் இருக்கும்.” விரிசலைப் படமெடுத்து அனுப்பினேன், “லாரி ஆபீஸ்ல கேளுங்க” என்றார். விரிசல் மேல் புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தது லாரிக்காரனா? ஆறாம் நாள் சொன்னதுதான் தாங்கவில்லை: “உங்க ஊர் உப்புக்காத்துல எந்த மெஷின்ணே நிக்கும்?” பெட்டி பிரித்து ஆறு நாள். உப்புக்காற்று ஆறு நாளில் வார்ம் வீல் பல்லைத் தின்னுமா? அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அந்த இணையச் சந்தைக்கு எழுதினேன். நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம், பணம் நீங்கள் நேரடியாக அனுப்பியது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று இன்று காலை இரண்டு வரிப் பதில். 28,500 ரூபாய்க்கு இரண்டு வரி. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன்.

விளக்கமாக எழுத நினைத்தேன், தெற்குக் கரையிலிருந்து படகுக்காரர் கப்ளிங்குக்கு வந்து நிற்கிறார், ராமநாதபுரத்தில் கொடுத்துத் துளை போட்டு வாங்க ஓட வேண்டும். அவசரமாகச் சொல்கிறேன். வீடியோவில் டேபிளை முழு வட்டம் சுற்றச் சொல்லி, ஹேண்டில் சுற்றை நீங்களே எண்ணுங்கள். நாலு இடத்தில் நிறுத்தி ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். லாக்கைப் போட்டு டேபிளைத் தள்ளச் சொல்லுங்கள். புதுப் பெயிண்ட் அடித்ததை வாங்காதீர்கள். முழுப் பணமும் முன்னால் அனுப்பாதீர்கள்.

இதை எழுதும்போது பார்த்தேன், அதே கடை இன்னொரு டேபிளுக்கு விளம்பரம் போட்டிருக்கிறது. அதே சாம்பல் பெயிண்ட், 10 அங்குலம், 90-க்கு 1, இந்த முறை 31,000.