ஓடா, தளமா, ஷீட்டா: எங்கள் ஊர்ப் பள்ளிக் கூரைக்கு எதைப் போட்டோம், ஏன்

மன்னார்குடிக்குக் கிழக்கே, வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு நிதியுதவித் தொடக்கப் பள்ளி. நான் அங்கேதான் படித்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரே நீளக் கட்டடம், தெற்குப் பக்கம் முழுக்கத் தாழ்வாரம், மேலே சீமை ஓடு, அதாவது ஒன்றோடொன்று கவ்வி நிற்கிற மங்களூர் ஓடு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது ஒரு மூலையில் ஓடு பறந்துவிட்டது. அப்போதைக்குப் போட்ட தார்ப்பாய் வருடக்கணக்கில் அப்படியே கிடக்க, அடியில் நனைந்து நனைந்து, ஓட்டைத் தாங்குகிற கைமரங்களில் கரையான் ஏறிவிட்டது. கட்டட உறுதிச் சான்றுக்காக வந்த பொறியாளர் கூரையைச் சரி செய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், அவர் சொன்னது நியாயம்தான். அப்புறம்தான் பழைய மாணவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர் பணம் போட்டுக் கூடினோம்.

எங்கள் முன்னால் இருந்தது மூன்று வழி. ஓட்டைப் பிரித்து, மரத்தை மாற்றி, மறுபடி ஓடே போடுவது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டுக் கட்டுவது. சுவரை மட்டும் வைத்துக்கொண்டு மேலே இரும்பு ஷீட் போடுவது. நாங்கள் ஓட்டைத்தான் தேர்ந்தெடுத்தோம், மூன்று மழைக்காலம் பார்த்தாகிவிட்டது, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஷீட்டை முதலில் முடித்துவிடுகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை, அதன் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் தலைக்கு மேல் யாரும் அதைப் போடக் கூடாது. கலர் ஷீட் விலை குறைவு, இரண்டு வாரத்தில் வேலை முடியும். ஆனால் ஐப்பசி மழை அதன்மேல் கொட்டும்போது டீச்சர் பேசுவது முதல் பெஞ்சுக்கே கேட்காது, சித்திரையில் உள்ளே உட்கார முடியாது. நடுவில் நுரை வைத்த பேனல் போட்டால் இரண்டுமே குறையும் என்றார்கள். அந்த நுரை எரியக்கூடியது என்று தெரிந்ததும் கூட்டத்தில் யாரும் மேற்கொண்டு பேசவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். தீ கீற்றுக் கூரையில் பிடித்துப் பரவியது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரம்தான் அது. இந்தப் பக்கத்தில் பள்ளிக் கூரை என்று பேச்செடுத்தால் அந்த நாளைத் தாண்டி யாராலும் பேச முடியாது.

அதனாலேயே பெற்றோர்களில் பாதிக்கு மேல் கான்கிரீட் தளம்தான் வேண்டும் என்றார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழைய கட்டடம் என்றாலே இடி என்கிற மனநிலை ஊர் ஊராகப் பரவியிருந்தது. "தம்பி, ஓடுன்னா புள்ளைங்க தலையில விழாதா?" என்று ஒரு அக்கா கேட்டார், அவருடைய இரண்டு பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றுச்சூழல், பசுமை என்று பேசிக்கொண்டிருந்தால் அது தப்பு. சீமை ஓட்டுக்குக் கீழே சீலிங் ஓடு என்று தட்டையாக இன்னொரு அடுக்கு உண்டு. மேல் ஓடு உடைந்தாலும் துண்டு அதன்மேல்தான் நிற்கும். அதையும் சேர்த்துப் போடுவது என்று முடிவான பிறகுதான் அவர் சரி என்றார்.

இப்போது தளத்தின் கணக்கு. ஐந்து அங்குல கான்கிரீட் என்றால் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ எடை. சீமை ஓடு சதுர அடிக்கு நாலு, நாலரை கிலோ, சீலிங் ஓட்டையும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்தாலும் தளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. எங்கள் சுண்ணாம்புச் சுவர் ஓட்டைச் சுமக்கக் கட்டியது, தளத்தைச் சுமக்காது. ஆகவே தளம் என்றால் சுவரையும் இடித்து, களிமண்ணில் அஸ்திவாரம் தோண்டி, பில்லர் எழுப்பியாக வேண்டும். நல்லா நிற்கிற சுவரை இடித்து அந்தச் செங்கல்லையும் காரையையும் எங்கே கொட்டுவது? எங்கள் பக்கம் ஏதாவது ஒரு குட்டையில்தான் போய் விழும். புதுசுக்கு சிமென்ட் வேண்டும், மணல் வேண்டும், கம்பி வேண்டும். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர், சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களை அங்கே போனால் கண்ணால் பார்க்கலாம். ஒரு டன் சிமென்ட் செய்ய அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் அடுப்பு எரிப்பதால் வருவதே இல்லை, கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வருவது, எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. ஓடும் சூளையில் சுட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பழைய ஓட்டில் பெரும்பகுதி நன்றாகவே இருந்தது, கழுவித் திரும்ப ஏற்றினோம்.

வெயில் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தளம் காலையில் சும்மா இருக்கும், சூட்டை மெல்ல வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கீழே விட ஆரம்பிக்கும், அதாவது பிள்ளைகள் உள்ளே இருக்கிற நேரத்திலேயே. ஓடு சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும், இரண்டு அடுக்குக்கு நடுவில் காற்று ஓடினால் கீழே இறங்குகிற சூடு குறையும். மேலே வெள்ளை அடித்தால் தளமும் நன்றாகக் குறையும், பக்கத்து ஊர்களில் அடித்திருக்கிறார்கள். ஆனால் மார்கழி முடிவதற்குள் பாசி பிடித்துக் கறுத்துவிடுகிறது, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது எடையோ வெயிலோ இல்லை, பராமரிப்பு. தளத்துக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், பதினைந்து வருடம் வரைக்கும் அது உண்மை போலவே தெரியும். டெல்டாவில், அதுவும் கடல் பக்கம் போகப் போக, போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. சின்ன வேலைக்கு யார் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிறார்கள்? கைக்கு எட்டிய போர்வெல்லில் பிடித்துக் கலக்குகிறார்கள். அந்த உப்பால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் காரை பாளமாகப் பெயர்ந்து கீழே விழும். இப்படி ஆன ஒரு பள்ளியை நானே போய்ப் பார்த்தேன், தளம் போட்டு முப்பது வருடம்கூட ஆகவில்லை, பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதைச் சரி செய்யும் செலவைக் கேட்டால் புதுசாகவே கட்டிவிடலாம் போலிருந்தது. சின்னப் பள்ளியால் ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் எப்படிப் புரட்ட முடியும்?

ஓட்டுக்குச் செலவு வருடா வருடம் வரும், கொஞ்சம் கொஞ்சமாக வரும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும். ஒழுகினால் எந்த இடம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் காட்டும். புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன்னால் ஒருநாள் ஆள் ஏற்றி, தென்னை மட்டை விழுந்தும் குரங்கு ஓடியும் உடைந்ததை மாற்றி, தூம்பில் அடைந்த சருகை வாரிவிட்டால் போதும். போன வருடம் மாற்றியது 23 ஓடு. அந்தச் செலவைத் தலைமை ஆசிரியை யாரிடமும் கேட்காமல் சமாளித்துவிட்டார். ஆனால் ஏறுவதற்கு ஆள் வேண்டும், இதை மறைக்க மாட்டேன். எங்கள் ஊரில் ஓடு வேயத் தெரிந்தவர் ஒருவர்தான், அறுபதைத் தாண்டியவர். அவருடன் கொத்து வேலை பார்க்கிற இரண்டு பையன்களைச் சேர்த்து ஏற்றிவிட்டோம், ஓட்டின் நடுவில் மிதிக்காமல் சட்டம் போகிற இடத்தில் கால் வைக்க அவர்தான் பழக்கினார். அந்தப் பையன்கள் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விட்டால் எங்களுக்குக் கஷ்டம்தான். உங்கள் ஊரில் அப்படி ஒருவர்கூட இல்லை என்றால் ஓட்டைப் பற்றி இரண்டு தடவை யோசியுங்கள்.

கைமரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் போட்டோம், கரையான் பயம் போயிற்று. தாழ்வார ஓரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு ஓட்டையும் கம்பியால் கட்டியிருக்கிறோம், ஓட்டின் அடியில் அதற்கென்றே ஒரு காது இருக்கும். கஜா போல இன்னொன்று வந்தால் எப்படி நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். இதுவரை வந்த காற்றுக்கு ஒன்றும் அசையவில்லை. எலியும் பாம்பும் ஏறாமல் சுவர்த்தலையில் வலை அடித்தாகிவிட்டது. வகுப்புக்கு நான்கு கண்ணாடி ஓடு வைத்ததில் பகலில் விளக்கே போடுவதில்லை. சுவரில் யாரோ எப்போதோ பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம், அடிச்சுவரில் ஓதம் இருந்தாலும் இப்போது பெயர்ந்து கொட்டுவதில்லை. மழைத் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது, அதைத் தளத்திலும் செய்யலாம்.

சோலார் வைக்க நினைக்கிறவர்களுக்குத் தளம்தான் வசதி. பேனலைத் துடைக்க ஓட்டின்மேல் ஏறி ஏறி இறங்கினால் ஓடு தாங்காது, நாங்கள் அதனால் விட்டுவிட்டோம். பிள்ளைகள் கூடி மாடி வேண்டும் என்கிற பள்ளிக்கும் வேறு வழி கிடையாது, தளம்தான். அப்போது தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கலக்குங்கள், மேலே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கியில் தட்டை ஓடு பதியுங்கள்.

ஓடு என்று முடிவெடுத்தால் அதே கம்பெனி முத்திரை உள்ள ஓட்டில் ஒரு இருநூறாவது கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மாறினால் ஒன்றோடொன்று கவ்வாது, அந்த இடத்திலேயே ஒழுகும். மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் பழைய வீடு பிரிக்கிறவர்களிடம் தேடினால் கிடைக்கும். கையில் ஒரு பழைய ஓட்டை எடுத்துக்கொண்டு போய், பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.